வேலையிட மனநல ஆய்வில் கூட்டு சேர்வது எப்படி? புதிதாக இறங்குபவர்களுக்கு

வேலை செய்யும் இடம் ஆட்களின் மனதைக் கெடுக்கிறதோ என்ற சந்தேகம் ஒரு நிறுவனத்துக்குள் எழுந்துவிட்டால், கொஞ்ச நாளில் யாராவது ஒருவர் "பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி ஆய்வு செய்பவர்கள் இருப்பார்களே, அவர்களைக் கூப்பிடலாமா?" என்று கேட்பார். தாராளமாகக் கூப்பிடுங்கள். மேலதிகாரியிடம் சொல்லாததை வெளியாளிடம் சொல்வார்கள், செய்த மாற்றம் உண்மையிலேயே பலன் தந்ததா என்று கண்டுபிடிக்கவும் முறை தெரிந்த ஒருவர் வேண்டும். ஆனால் இப்படிப்பட்ட கூட்டு முயற்சிகள் பாதியில் நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் கேள்வித்தாளோ கணக்கோ அல்ல. கசப்பான முடிவு வந்தால் என்ன செய்வோம் என்று யாரும் முன்கூட்டியே பேசியிருக்க மாட்டார்கள், அதுதான் காரணம். அதனால்தான் இந்த வழிகாட்டியில் சர்வேயைப் பற்றிக் கொஞ்சமும், சர்வேக்கு முன்னால் பேசி முடிக்க வேண்டியவற்றைப் பற்றி நிறையவும் எழுதியிருக்கிறேன். மனிதவளத் துறையினர், பாதுகாப்புக் குழுவினர், சங்கப் பிரதிநிதிகள், முதல் தடவையாக ஒரு நிறுவனத்துக்குள் கால் வைக்கும் ஆய்வு மாணவர்கள், எல்லோருக்கும் இது பயன்பட வேண்டும்.

எதை ஆராய்கிறோம் என்பதில் தெளிவு

வேலையிட மனநலம் என்றதும் தியான வகுப்பு, மன உறுதிப் பயிற்சி, ஆலோசகரின் தொலைபேசி எண் போட்ட சுவரொட்டி, இவைதான் பலருக்கு நினைவு வரும். இருக்கட்டும், தவறில்லை. ஆனால் அவை எல்லாம் ஆளைச் சரிசெய்யப் பார்ப்பவை. வேலையைச் சரிசெய்வது வேறு. வில்லியம் ஃபிளெமிங் என்ற ஆய்வாளர் 2024-ல் வெளியிட்ட ஆய்வில் பிரிட்டனின் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் பதில்களை எடுத்துப் பார்த்தார். இப்படிப்பட்ட தனிநபர் திட்டங்களில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. தன்னார்வத் தொண்டு செய்ய வாய்ப்புத் தருவது மட்டும் ஓரளவு விதிவிலக்கு. ஒரே சமயத்தில் எடுத்த தரவு அது, ஆகவே அதை வைத்துத் தியானமே வீண் என்று முடிவுகட்டக் கூடாது. ஆனாலும் பணத்தை எல்லாம் அந்தப் பக்கமே போடுவதற்கு முன் யோசிக்க வைக்க அது போதும்.

வேலையின் அமைப்பே உடம்பையும் மனதையும் பாதிக்கும் என்பதற்கு ஆதாரம் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. பளு அதிகம், ஆனால் எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவு, இந்த இரண்டும் சேரும் வேலைதான் ஆளை அதிகம் வாட்டுகிறது என்று ராபர்ட் கராசெக் 1979-லேயே எழுதினார். போடும் உழைப்புக்கு ஏற்ற சம்பளம், மதிப்பு, வேலை உறுதி திரும்பி வராதபோது என்ன ஆகிறது என்பதை யோஹானஸ் சீக்ரிஸ்ட் 1996-ல் ஒரு கோட்பாட்டு மாதிரியாக வடித்தார். லண்டனில் 1985-ல் 10,308 அரசு ஊழியர்களோடு தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆய்வு, தங்கள் வேலையின் மீது கட்டுப்பாடு குறைவாக உள்ளவர்களுக்கு இதய நோய் அதிகம் வருகிறது என்று காட்டியது. இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆய்வாளர் முதல் கூட்டத்தில் "பளு–கட்டுப்பாடு", "உழைப்பு–பலன்" என்று பேசினால் எதைச் சொல்கிறார் என்று பிடிபட்டால் சரி.

முதல் படி: ஆய்வாளரைத் தேடும் முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

ஒரே பக்கம். உங்கள் பிரச்சினை என்ன, எப்படித் தெரியவந்தது, யாரைப் பாதிக்கிறது, எதை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. இந்த நான்காவது விஷயத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆட்களைக் கூட்ட முடியாது, ஷிப்ட் நேரத்தைத் தொட முடியாது, இலக்கைக் குறைக்க முடியாது என்றால் ஆய்வு எதைக் கண்டுபிடித்தாலும் கை கட்டப்பட்டுத்தான் இருக்கும். அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

கையில் இருக்கும் தகவலை முதலில் பாருங்கள். விடுப்புப் பதிவு, வேலையை விட்டுப் போனவர்களின் எண்ணிக்கை, ஓவர்டைம் மணிநேரம், புகார்கள், விபத்துக் குறிப்புகள். எந்தப் பிரிவில், எந்த மாதத்தில் கூடுகிறது என்று பார்த்தாலே பாதி கேள்வி தானாகத் தெளியும். அப்புறம் நாலு பேரிடம் பேசுங்கள், அதிகாரிகளிடம் மட்டும் அல்ல.

"எங்கள் ஆட்கள் மன அழுத்தத்தில் இருக்கிறார்களா?" என்ற கேள்வியோடு போகாதீர்கள். எங்கே கேட்டாலும் ஓரளவுக்கு ஆமாம் என்றுதான் பதில் வரும், அந்தப் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "ஷிப்ட் அட்டவணையை ஒரு வாரத்துக்குப் பதிலாக நாலு வாரத்துக்கு முன்பே கொடுத்தால், செவிலியர்களின் சோர்வும் திடீர் விடுப்பும் குறையுமா?" என்பது கேள்வி. அதில் ஒரு மாற்றம் இருக்கிறது, யாருக்கு என்பது இருக்கிறது, எதை அளப்பது என்பதும் இருக்கிறது. இந்த அளவுக்குக் கூர்மையாக வராவிட்டாலும் பரவாயில்லை, ஆய்வாளரோடு உட்கார்ந்து தீட்டிக்கொள்ளலாம், ஆனால் வெறுங்கையோடு போனால் அவருக்குப் பிடித்த கேள்விதான் உங்கள் கேள்வியாகும்.

இரண்டாம் படி: மேசையில் மூன்று நாற்காலி

நிர்வாகம் ஒரு பக்கம், ஆய்வாளர் ஒரு பக்கம் என்று இரண்டு தரப்பாகத்தான் இந்தக் கூட்டு பெரும்பாலும் தொடங்குகிறது. வேலை செய்பவர்கள் 'பங்கேற்பாளர்கள்' என்ற பெயரில் கடைசியில் வந்து சேர்கிறார்கள். இதை மாற்றாமல் வேறு எதைச் செய்தும் பயன் குறைவு என்று உறுதியாகச் சொல்வேன். ஊழியர் பிரதிநிதிகள் கேள்வியை வடிவமைக்கும் நாளிலிருந்து மேசையில் இருக்க வேண்டும், சங்கம் இருந்தால் சங்கம், இல்லாவிட்டால் ஊழியர்களே தேர்ந்தெடுத்தவர்கள். நிர்வாகம் 'நல்ல பிள்ளை' என்று பார்த்து நியமித்தவர்களாக இருந்தால் மற்றவர்களுக்கு அது ஒரே நாளில் தெரிந்துவிடும்.

இது நியாயத்துக்காக மட்டும் சொல்வதல்ல. கனடாவின் கியூபெக்கில் ரெனே பூர்போனே, ஷாந்தால் ப்ரிசோன், மிஷேல் வெசினா முதலியோர் ஒரு மருத்துவமனையில் செய்த ஆய்வின் முடிவுகள் 2006-ல் வந்தன. அங்கே ஊழியர்களும் நிர்வாகத்தினரும் ஆய்வாளர்களோடு சேர்ந்த குழுக்களாக உட்கார்ந்து, தங்கள் வேலையில் எது எது வாட்டுகிறது, எதை எப்படி மாற்றலாம் என்று தாங்களே பட்டியல் போட்டார்கள். மாற்றம் செய்யாத இன்னொரு மருத்துவமனையோடு ஒப்பிட்டார்கள். வேலைச் சூழலில் பல அம்சங்கள் மேம்பட்டன, வேலையால் வரும் சோர்வும் குறைந்தது. வேலை செய்பவருக்குத்தான் எந்தப் படிவம் மூன்று தடவை நிரப்பப்படுகிறது, எந்த மணிநேரத்தில் ஆள் போதவில்லை என்பது தெரியும். வெளியிலிருந்து வருபவர் அதைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆகும்.

இந்தக் குழுவில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவரும் கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்பவர் மட்டும் உட்கார்ந்திருந்தால் எதுவும் நகராது.

மூன்றாம் படி: சரியான ஆய்வாளரைக் கண்டுபிடிப்பது

உளவியல் துறையோடு நின்றுவிடாதீர்கள். தொழில்சார் மருத்துவம், பொதுச் சுகாதாரம், செவிலியர் கல்வி, சமூகப்பணி, மேலாண்மை, பணிச்சூழலியல், இந்தத் துறைகள் எல்லாவற்றிலும் வேலையிட மனநலத்தை ஆராய்பவர்கள் இருக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைத் தேடுதளங்களில் உங்கள் தொழிலின் பெயரையும் பிரச்சினையையும் சேர்த்துத் தேடினால், கடந்த சில ஆண்டுகளில் யார் எழுதியிருக்கிறார்கள் என்று தெரியும். அவர்களுக்கு நீங்கள் எழுதிய அந்த ஒரு பக்கத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். நீளமான அறிமுகம் வேண்டாம்.

பேச்சு தொடங்கியதும் கேட்க வேண்டியவை: இதற்கு முன் நிறுவனங்களோடு வேலை செய்திருக்கிறீர்களா, அவர்களில் யாரிடமாவது நான் பேசலாமா, எதிர்பார்த்த பலன் வராத ஆய்வு ஏதாவது செய்திருக்கிறீர்களா, அப்போது என்ன செய்தீர்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கூர்ந்து கேளுங்கள். தன் திட்டம் எப்போதும் வெற்றிதான் என்று சொல்பவர் ஆய்வாளர் வேடத்தில் ஏதோ விற்க வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். தன்னுடைய பயிற்சித் திட்டத்தைத் தானே சோதித்துத் தானே சான்றிதழும் தருகிற ஆட்கள் இந்தத் துறையில் உண்டு.

ஆய்வாளருக்கும் தேவைகள் இருக்கின்றன, அவற்றை மறைக்காமல் பேசச் சொல்லுங்கள். அவருக்குக் கட்டுரை வெளியாக வேண்டும், மாணவரின் ஆய்வேடு முடிய வேண்டும், நிதி கிடைக்க வேண்டும். நிதிக்கு விண்ணப்பித்துப் பதில் வரப் பல மாதங்கள் ஆகும், நெறிக்குழு (ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் பல்கலைக்கழகக் குழு) அனுமதிக்கு இன்னும் சில வாரங்கள். நிறுவனமோ அடுத்த காலாண்டுக்குள் ஏதாவது காட்ட வேண்டும் என்று துடிக்கும். இந்தக் கால வித்தியாசத்தை முதல் கூட்டத்திலேயே நாட்காட்டியை விரித்துவைத்துப் பேசிவிடுங்கள். அவசரம் என்றால் முதுகலை மாணவர் ஒருவர் சில மாதங்களில் முடிக்கக்கூடிய நேர்காணல் ஆய்வோடு சின்னதாகத் தொடங்கலாம். முதல் கூட்டே பெரிய கூட்டாக இருக்க வேண்டியதில்லை, ஒருவரையொருவர் நம்பலாமா என்று பார்க்க அதுவே நல்ல வழியும்கூட.

நான்காம் படி: ஒப்பந்தம் (இங்கே அவசரப்படாதீர்கள்)

எல்லோரும் நல்ல மனநிலையில் இருக்கும்போதே சங்கடமான கேள்விகளைக் கேட்டு எழுத்தில் போட்டுவிட வேண்டும். பின்னால் கேட்டால் சந்தேகப்படுவதாகத் தோன்றும்.

முடிவுகளை வெளியிடும் உரிமை யாருக்கு? ஆய்வாளருக்குத்தான் இருக்க வேண்டும். நிறுவனம் வெளியீட்டுக்கு முன் படித்துப் பார்க்கலாம், உண்மைப் பிழை இருந்தால் சொல்லலாம், வணிக ரகசியமோ ஆள் அடையாளமோ வெளிப்பட்டால் நீக்கச் சொல்லலாம், இதற்கு முப்பது நாள் என்பதுபோல ஒரு கெடு வைக்கலாம். தடுத்து நிறுத்தும் அதிகாரம் கூடாது. அந்த அதிகாரம் நிர்வாகத்திடம் இருக்கிறது என்று தெரிந்தாலே ஊழியர்கள் கேள்வித்தாளில் உண்மையை எழுத மாட்டார்கள். நிறுவனத்தின் பெயரை மறைக்க வேண்டும் என்றால் மறைக்கலாம், அது நியாயமான கோரிக்கை.

நிறுவனமே பணம் தருகிறது என்றால் அதை வெளியீட்டில் சொல்ல வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, மறைப்பதில்தான் இருக்கிறது.

மூலத் தரவு யாரிடம் இருக்கும்? பல்கலைக்கழகத்திடம். நிறுவனத்துக்குத் தொகுத்த முடிவுகள் மட்டும். இதில் பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. ஒன்பது பேர் இருக்கும் கணக்குப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். வயது, பாலினம், பணிக்காலம் மூன்றையும் கேள்வித்தாளில் கேட்டாகிவிட்டது. ஐம்பது வயதைத் தாண்டிய பெண் அங்கே ஒருவர்தான். அட்டவணையில் 'கணக்குப் பிரிவு, பெண், 50-க்கு மேல்: மேலாளர் மீது நம்பிக்கை 5-க்கு 1' என்று ஒரு வரி வந்தால் அவர் பெயரைத் தனியாக எழுத வேண்டிய அவசியமே இல்லை. மேலாளர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார், மறுநாள் காலை அந்தப் பெண்ணிடம் அவர் பேசும் விதமே மாறியிருக்கும். ஆகவே இத்தனை பேருக்குக் குறைந்த குழுவின் முடிவைத் தனியாகத் தர மாட்டோம் என்று ஒரு எண்ணை ஒப்பந்தத்தில் போடுங்கள், பத்து என்பது நியாயமான எண். பிரிவு, பாலினம், வயது என்று சேர்த்துப் பிரிக்கும் குறுக்கு அட்டவணைக்கும் அதே விதி. திறந்த பதில்களை, அதாவது ஊழியர் சொந்த வார்த்தையில் எழுதியவற்றை, அப்படியே ஒப்படைக்கக் கூடாது. எழுத்து நடையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுபவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள்.

ஜப்பானில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். 2015 டிசம்பரில் 50 பேரும் அதற்கு மேலும் உள்ள பணியிடங்களுக்கு ஆண்டுதோறும் மன அழுத்தப் பரிசோதனை கட்டாயமானது. தனிநபரின் முடிவு அந்த நபருக்கே நேரடியாகப் போகும், அவர் சம்மதிக்காமல் முதலாளிக்குத் தரக் கூடாது. சட்டம் இல்லாத இடத்தில் உங்கள் ஒப்பந்தம்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

இன்னொரு பிரிவு மிக முக்கியம், வழக்கமான ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இருப்பதில்லை: முடிவு கிடைத்த எத்தனை நாளுக்குள், எந்தக் கூட்டத்தில், யார் ஊழியர்களுக்குச் சொல்வார்கள், அதில் குறைந்தது எந்த மாதிரியான விஷயங்களில் மாற்றம் செய்ய நிர்வாகம் தயாராக இருக்கிறது. இதற்கு நிர்வாகம் கையெழுத்துப் போட மறுத்தால் ஆய்வைத் தள்ளிப்போடுங்கள். உங்கள் கஷ்டம் என்ன என்று கேட்டுவிட்டு அப்புறம் வாயே திறக்காமல் இருப்பது, கேட்காமலே இருப்பதைவிட மோசமாக ஆட்களைக் காயப்படுத்துகிறது. அடுத்த தடவை நல்ல எண்ணத்தோடு யார் வந்து கேட்டாலும் கதவு திறக்காது.

ஐந்தாம் படி: நெறிக்குழு, சம்மதம், ஆபத்து

பல்கலைக்கழக ஆய்வு என்றால் நெறிக்குழுவின் அனுமதி இல்லாமல் தொடங்க முடியாது. இதைத் தடையாகப் பார்க்காதீர்கள், வேலையிடத்தில் சம்மதம் என்பது தெருவில் கேட்கும் சம்மதம் போன்றது இல்லை. சம்பளம் கொடுப்பவர் "விருப்பம் இருந்தால் நிரப்புங்கள்" என்று சொல்லும்போது அதில் விருப்பம் எவ்வளவு இருக்கும்? எனவே படிவத்தை சூப்பர்வைசர் கையால் கொடுக்கக் கூடாது, திரும்ப வாங்கவும் கூடாது. யார் நிரப்பினார்கள், யார் நிரப்பவில்லை என்ற பட்டியல் நிறுவனத்திடம் போகவே கூடாது. நிரப்புவதற்கு வேலை நேரத்திலேயே நேரம் ஒதுக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய் நிரப்பு என்றால், அதிகம் களைத்தவர்கள்தான் முதலில் விட்டுவிடுவார்கள், அவர்களுடைய பதில்தான் நமக்கு அதிகம் தேவை.

குழு உரையாடல் நடத்தினால் ஒரே அறையில் மேலாளரையும் அவருக்குக் கீழே வேலை செய்பவரையும் உட்கார வைக்காதீர்கள். வெறும் பார்வையாளராக ஓரமாக இருக்கிறேன் என்று மேலாளர் சொன்னாலும் வேண்டாம்.

எந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்பதிலும் பொறுப்பு இருக்கிறது. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 கேள்வித்தாள் உலகமெங்கும் பயன்படுகிறது, ஆனால் அதன் ஒன்பதாவது கேள்வி செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. ஒருவர் 'ஆமாம், அநேகமாகத் தினமும்' என்று பதில் தந்தால், பெயரில்லாத சர்வேயில் அவரை எப்படித் தேடிப் போவீர்கள்? அப்படிப் பதில் தருபவருக்கு உதவி போய்ச் சேரும் ஏற்பாடு இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. வேலையிட ஆய்வுக்குப் பல சமயம் உலக சுகாதார அமைப்பின் ஐந்து கேள்வி நலச் சுட்டெண் போதும். கடந்த இரண்டு வாரத்தில் உற்சாகமாக இருந்தேனா, தூங்கி எழும்போது தெம்பாக இருந்ததா என்பதுபோல நல்ல பக்கத்திலிருந்தே கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5, மொத்தத்தை 4-ஆல் பெருக்கினால் நூற்றுக்கு எவ்வளவு என்று வரும். எதைப் பயன்படுத்தினாலும், உதவி தேவைப்படுபவர் எங்கே போகலாம் என்ற தகவல் முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் இருக்கட்டும், அந்த உதவி நிறுவனத்துக்கு வெளியே உள்ளதாகவும் இருக்கட்டும்.

ஆறாம் படி: அளப்பது

சொந்தமாகக் கேள்வித்தாள் தயாரிக்காதீர்கள். நல்லவை இலவசமாகவே கிடைக்கின்றன. டென்மார்க்கில் உருவான கோபன்ஹேகன் உளசமூகக் கேள்வித்தாள் வேலைச் சூழலின் பல அம்சங்களை அளக்கிறது, பல மொழிகளில் இருக்கிறது. பிரிட்டனின் உடல்நல, பாதுகாப்பு நிர்வாக அமைப்பு 35 கேள்விகள் கொண்ட கருவி ஒன்றைத் தருகிறது. பளு, கட்டுப்பாடு, ஆதரவு, உறவுகள், தன் பொறுப்பு என்ன என்ற தெளிவு, மாற்றங்களைக் கையாளும் விதம் என்று ஆறு தலைப்பு. புதியவர்களுக்கு இது எளிது, முடிவைப் பார்த்ததும் எதில் கைவைக்க வேண்டும் என்று புரியும். கனடா 2013-ல் வெளியிட்ட தேசியத் தரநிலை 13 அம்சங்களைப் பட்டியலிடுகிறது, அவற்றை ஒட்டி அளக்க 'கார்டிங் மைண்ட்ஸ் அட் வொர்க்' என்ற இலவசக் கருவியும் உண்டு. மாஸ்லாக் சோர்வு அளவுகோல் புகழ்பெற்றது, ஆனால் உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டும், இதைத் திட்டச் செலவில் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

உங்கள் ஊழியர்கள் பேசும் மொழியில் கேள்வித்தாள் இல்லையென்றால் மொழிபெயர்க்க வேண்டும், அதற்கென்று முறை இருக்கிறது. ஒருவர் மொழிபெயர்ப்பார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திருப்பி மொழிபெயர்ப்பார், இரண்டையும் ஒப்பிடுவார்கள். அதோடு நின்றுவிடாமல் ஊழியர்கள் சிலரை உட்கார வைத்து ஒவ்வொரு கேள்வியையும் படித்து "இதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்க வேண்டும். 'உங்கள் வேலையில் முடிவெடுக்கும் சுதந்திரம் இருக்கிறதா' என்றால் ஒருவர் ராஜினாமா செய்யும் சுதந்திரம் என்று நினைக்கலாம்.

எண்கள் எங்கே வலிக்கிறது என்று காட்டும், ஏன் என்று சொல்லாது. நேர்காணல்களையும் சேர்த்துச் செய்யுங்கள்.

ஏழாம் படி: மாற்றத்தைச் செய்து சோதிப்பது

உலக சுகாதார அமைப்பு 2022-ல் வேலையிட மனநலத்துக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. நிறுவன அளவிலான மாற்றம், மேலாளர்களுக்குப் பயிற்சி, தனிநபருக்கான உதவி எல்லாம் அதில் உண்டு. 2021-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 45003 என்ற சர்வதேசத் தரநிலை, உளசமூக ஆபத்துகளை, அதாவது வேலையின் அமைப்பாலும் வேலையிட உறவுகளாலும் மனதுக்கு வரும் ஆபத்துகளை, மற்ற தொழில் ஆபத்துகளைப் போலவே கையாளச் சொல்கிறது. அதாவது முதலில் மூலத்தை நீக்கப் பார், முடியாவிட்டால் குறை, ஆளுக்குத் தாங்கும் சக்தி கொடுப்பது அதற்கப்புறம். எதைச் செய்வது என்று தேர்ந்தெடுக்கும்போது இந்த வரிசையை விடாதீர்கள். மனஅழுத்தம் மிகுந்த பிரிவுக்கு முதலில் தேவைப்படுவது இன்னொரு ஆளாக இருக்கலாம்.

பலனைச் சோதிக்க ஒப்பீடு வேண்டும். மாற்றத்துக்கு முன் ஒரு சர்வே, பின் ஒரு சர்வே, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பலன் என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். மிக மோசமான நிலையில் இருந்த பிரிவைத் தேர்ந்தெடுத்தால் எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த தடவை எண்கள் கொஞ்சம் மேலே வரும், அது புள்ளியியலின் இயல்பு. விருப்பப்பட்டவர்களை மட்டும் சேர்த்தாலும் சிக்கல்தான். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஊழியர் நலத் திட்டம் ஒன்றைக் குலுக்கல் முறையில் சோதித்து 2019-ல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது: திட்டத்தில் சேர்ந்தவர்கள் சேருவதற்கு முன்பே மற்றவர்களைவிட ஆரோக்கியமாகவும் மருத்துவச் செலவு குறைவாகவும் இருந்தவர்கள். குலுக்கலில் வாய்ப்புக் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டபோது பெரும்பாலான அளவுகளில் முதல் ஆண்டு வித்தியாசம் தெரியவில்லை.

"பாதி பேருக்கு நல்லது செய்து பாதி பேரை விட்டுவிடுவதா?" என்று சங்கம் கேட்கும், கேட்பதும் நியாயம். அதற்குப் படிப்படியாக விரிக்கும் முறை ஒன்று உண்டு. எல்லாப் பிரிவுக்கும் மாற்றம் வரும், ஆனால் ஒரே நாளில் வராது. எந்தப் பிரிவுக்கு முதலில் என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்வார்கள், காத்திருக்கும் பிரிவுகள் அதுவரை ஒப்பீடாக இருக்கும். நிறுவனத்துக்கும் ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் மாற்றத்தைக் கொண்டுவரும் சுமை இல்லை. ஆய்வாளர் இதை எடுத்துச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

அப்புறம், நடந்ததை எல்லாம் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நடுவில் மேலாளர் மாறினார், புது மென்பொருள் வந்தது, பத்து பேரை வேலையை விட்டு எடுத்தார்கள், திட்டமிட்ட கூட்டங்களில் பாதி நடக்கவே இல்லை. பலன் வராதபோது மாற்றம் பயனற்றதா, அல்லது மாற்றமே நடக்கவில்லையா என்று பிரித்துச் சொல்ல இந்த நோட்டு ஒன்றுதான் கைகொடுக்கும்.

எட்டாம் படி: முடிவைத் திருப்பிக் கொடுப்பது

நிர்வாகத்துக்கு முடிவு கிடைத்த அதே வாரத்திலாவது ஊழியர்களுக்கும் அது போய்ச் சேர வேண்டும். இரண்டு பக்கம் போதும், எளிய மொழியில்: என்ன கேட்டோம், எத்தனை பேர் பதில் தந்தீர்கள், என்ன தெரிந்தது, எதை மாற்றப் போகிறோம், எதை இப்போது மாற்ற முடியாது, ஏன் முடியாது. கடைசி இரண்டையும் சொல்லத் தயங்குகிறார்கள், ஆனால் ஊழியர்கள் அதைத்தான் தேடிப் படிப்பார்கள். முடியாது என்று காரணத்தோடு சொன்னால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

முதல் மாற்றம் சின்னதாக இருந்தாலும் சீக்கிரம் கண்ணில் படட்டும். இரவு ஷிப்ட்காரர்களுக்கு ஓய்வறை திறந்திருப்பது, விடுப்பு நாளில் வேலைச் செய்தி அனுப்பக் கூடாது என்ற விதி, இப்படி ஏதாவது. பெரிய மாற்றங்களுக்கு நேரம் பிடிக்கும், அதுவரை பொறுமை காக்க ஆட்களுக்கு ஒரு காரணம் வேண்டும்.

குறிப்பிட்ட ஒரு மேலாளரின் பிரிவில் முடிவு மிக மோசமாக வந்தால், எல்லோர் முன்னிலையிலும் அந்த எண்ணைத் திரையில் போடாதீர்கள். முதலில் அவரிடம் தனியாகப் பேசுங்கள், அவருக்கு மேலிருந்து வரும் நெருக்கடி என்ன என்றும் கேளுங்கள், பல சமயம் அவரும் அதே பளுவில்தான் நசுங்கிக்கொண்டிருப்பார். துன்புறுத்தல், மிரட்டல் என்று தெரிந்தால் கதை வேறு. அது சர்வே அறிக்கையில் ஒரு வரியாக முடியக் கூடாது, ஏற்கெனவே இருக்கும் புகார் விசாரணை வழிக்குப் போக வேண்டும், அப்படிப் போகும் பாதையும் ஐந்தாம் படியிலேயே நெறிக்குழுவுக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

ஆய்வாளர் கிளம்பிப் போன பிறகு

நிதி முடியும், மாணவர் பட்டம் வாங்கிப் போய்விடுவார். அந்த நாளுக்கு ஒப்பந்தம் எழுதும்போதே தயாராகுங்கள். கேள்வித்தாளை நடத்தவும் தொகுத்த முடிவைப் படிக்கவும் உள்ளுக்குள் இரண்டு பேருக்காவது ஆய்வாளர் கற்றுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஒருவர் மட்டும் என்றால் அவர் வேலை மாறும் நாளில் எல்லாம் போய்விடும். மூன்று தரப்பும் உட்கார்ந்த அந்தக் குழுவைக் கலைக்காமல் பாதுகாப்புக் குழுவோடு இணைத்துவிட்டால் அது தொடர்ந்து கூடும், விபத்துகளைப் பேசும் அதே கூட்டத்தில் பளுவையும் ஷிப்டையும் பேசுவார்கள். அடுத்த சர்வே எந்த மாதம், அதை யார் நடத்துவார்கள், செலவு எந்தக் கணக்கில் என்பதையும் ஆய்வாளர் இருக்கும்போதே அந்தக் கூட்டக் குறிப்பில் ஏற்றிவிடுங்கள்.